கடைசி ரீல் அக்கா

எங்கள் தியேட்டரில் பெருக்குகிற அக்காவுக்கு 'கடைசி ரீல்' என்று பெயர் வைத்தவன் நான்தான். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது துடைப்பத்தோடு உள்ளே வந்து கதவோரம் நிற்பார். விளக்கு எரிந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் பார்த்ததெல்லாம் படங்களின் முடிவு மட்டுமே.

டிக்கெட் கிழிக்கிற எனக்கு விளையாட்டுப் படம் என்றாலே எரிச்சல். எல்லாம் ஒரே அச்சு. யாரும் மதிக்காத ஒருத்தி கடைசியில் ஜெயிப்பாள், அது தெரிந்தே ஜனம் எழுந்து நின்று கத்தும். இப்போது ஓடுகிற படமும் ஒரு ஓட்டக்காரியின் கதைதான். தினம் நாலு காட்சி, நாலிலும் அக்கா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, "ஓடு, விடாத!" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

அவருடைய மகளும் ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். முதல் பெரிய போட்டியில் கடைசியாக வந்தவள், ஷூவை அலமாரி மேல் எறிந்துவிட்டு இனி ஓடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு போட்டி இருந்தது. அதில் முதல் மூன்று பேருக்குப் பயிற்சி முகாமில் இடம்.

"அவளுக்கு ஓட்டம் வராது போல தம்பி," என்றார் அக்கா, அழாத குறையாக. "படத்துல அந்தப் பொண்ணு ஒரு தடவகூடத் தோக்கலையே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, முதல் பாதி முழுக்க அவ தோக்குறதத் தவிர வேற ஒண்ணுமே பண்ணலக்கா!"

"என்னது, தோக்குறாளா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு மேட்னிக்கு வந்துவிட்டார். திரையில் அந்தப் பெண் தடுக்கி விழுந்தாள். கடைசியாக வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கைதட்டினார்! "பாத்தியாடி, இவளும் கடைசி!" முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது. வெட்கத்தில் நெளிந்த மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இடைவேளை விட்டதும் அக்கா பையைத் திறந்து ஷூவை எடுத்து நீட்டினார்.

"அம்மா, மீதிப் படம்?"

"மீதிய ஞாயித்துக்கிழம நீ காட்டு. கெளம்பு."

ஞாயிறன்று நானும் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். எண்ணூறு மீட்டரில் தொடங்குகிற கோடும் முடிகிற கோடும் ஒன்றே. அக்கா அங்கேயே நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை பார்க்கப் போகிறார்.

முதல் சுற்றில் மகள் ஏழாவது. அடுத்த சுற்றுப் பாதியில் ஐந்தாவது. கடைசி வளைவில் நான்காவது! அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரோ ஒருத்தன் குடையைத் தூக்கிக்கொண்டு குதித்துக் குதித்துக் கத்தினான். குடை என்னுடையது.

மூன்றாவதாக வந்தாள்.

மறுநாள் வாசலில், "டிக்கெட்ட காட்டுங்க" என்று சொல்ல எனக்குக் குரலே வரவில்லை. அக்காதான் பக்கத்தில் நின்று எனக்காகச் சொன்னார்.