வலுசிம்பியின் ஜினியாவுக்குத் தலை நின்றது

இது சத்தியமாக நடந்த கதை. எங்கள் ஊர் முக்கோனோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓரிரண்டு இடத்தில் கொஞ்சம் இழுத்து நீட்டியிருப்பேன். சரி, ஏழெட்டு இடத்தில். ஆனால் பூ நிஜம், மாப்பிள்ளை நிஜம், அத்தை ரொம்ப ரொம்ப நிஜம்.

வலுசிம்பி ரோஜாப் பண்ணை ஒன்றில் பூவைக் கட்டுக் கட்டாகக் கட்டும் வேலையில் இருந்தவன். ஒரு ஞாயிறு தேவாலய வேலியோரம் காய்ந்து நின்ற ஜினியாப் பூக்களைச் சட்டைப்பை நிறையப் பறித்துவந்தான். உதிர்த்தால் காய்ந்த இதழின் அடியில் ஈட்டிமுனை மாதிரி ஒரு விதை. அதை விதைக்க இடம் வேண்டுமென்று அப்பாவின் வாழையில் இருபது மரத்தைச் சாய்த்தான். எங்கள் ஊரில் வாழைக்காய்தான் சோறு; அது சோற்றுப்பானையை உதைப்பதற்குச் சமம். அப்பா போட்ட கூச்சலில் ஏரியில் போன படகெல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன.

ஐந்தாம் நாள் முளைத்தது. முழங்கால் உயரம் வந்து முதல் மொட்டு எட்டிப் பார்த்ததும், வலுசிம்பி கத்தரிக்கோலோடு இறங்கி ஒவ்வொரு செடியின் தலையையும் வெட்டினான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் முகீபி பதறிப்போனான்.

"டேய், வாழைய வெட்டின, சரி. நட்ட பூவையும் வெட்டுற. அடுத்தது யாரு, நானா?"

"பொறுண்ணே. ஒரு தலை போனா எட்டுத் தலை வரும்."

எட்டு வந்தது. சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். கம்பாலாவிலிருந்து பூக்கடைக்காரர்கள் மோட்டார்பைக்கில் வந்து வரிசை கட்டினார்கள். அப்படிப் பூ வாங்க வந்த நகிட்டோ, பூவோடு வலுசிம்பியின் மனசையும் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "பூக்காரனா? நம்ம பொண்ணு காலையில பூக்கஞ்சி, மத்தியானம் பூக்கூட்டா?" என்றாளாம் அவள் அத்தை நகிமேரா. அவள் தலையாட்டாமல் அந்த வீட்டில் கோழிகூட முட்டையிடாது.

அப்படியும் பெண் கேட்கும் நாள் வந்தது. ஐம்பது பேர் வெள்ளை அங்கியில் பந்தலில் உட்கார்ந்தோம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை கூட்டத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டும். வாய் திறக்கவே கூடாது. மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பேச எங்கள் பக்கம் லுபோவா இருந்தான். மாப்பிள்ளையைத் தேடிப் பிடிப்பது அத்தையின் வேலை.

வாளி வாளியாக ஜினியாவை முன்னால் வைத்திருந்தோம். வலுசிம்பிக்கு வியர்த்து ஊற்றியது. ஏனென்றால், முன்வாளியில் இருந்த பூ அவன் வெட்டியது இல்லை. உதவுகிறேன் என்று அண்ணன் முகீபி, அன்று காலைதான் விரிந்த, தண்டு இன்னும் முற்றாத பூவாகப் பார்த்துப் பார்த்து வெட்டியது.

அத்தை நேராக அதிலிருந்து ஒன்றை உருவினாள். பூ கழுத்தொடிந்து தொங்கியது.

"அடேயப்பா! இதை நம்பியா எங்க பொண்ணு வாழணும்? வந்த வழியே கெளம்புங்க!"

பந்தலே எழுந்து நின்றது. வலுசிம்பி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கால் கேட்கவில்லை. விறுவிறுவென்று போனான். அண்ணன் வாளியிலிருந்து ஒரு பூவை, தலைக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டினான். துவண்டது. அண்ணன் காலடியில் போட்டான். தன் வாளியிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டினான். ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நின்றது. அத்தை கையில் கொடுத்தான். இன்னொன்று. இன்னொன்று. கடைசியில், பந்தல் அலங்காரத்துக்கு அத்தை பட்டணத்திலிருந்து ஐஸில் போட்டு வாங்கிவந்த ரோஜாவை எடுத்து ஆட்டினான். அதற்குத் தலையே கழன்று அத்தை காலடியில் விழுந்தது.

லுபோவா அப்போதுதான் வாயைத் திறந்தான். "அத்தை, பச்சப்புள்ளைக்குத் தலை நிக்காம யாராச்சும் தூக்குவாங்களா? பூவும் அப்படித்தான். இவன் அண்ணன் அவசரப்பட்டுத் தூக்கிட்டான். எங்க மாப்பிள்ளை தூக்கமாட்டான்."

பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை மற்ற வாளிகளில் இருந்த பூவையெல்லாம் தானே ஆட்டிப் பார்த்தாள். முந்நூறு பூவாவது இருக்கும், ஒன்றும் துவளவில்லை. ஒரு சிவப்பு ஜினியாவை வலுசிம்பியின் சட்டையில் செருகினாள்.

"நான் எதுக்குத் தேடணும்? பூவப் பழிச்சேன், ஒளிஞ்சிருந்த திருடன் தானா வந்து நின்னான்! கூப்பிடுங்கடி நகிட்டோவ!"

அந்த ஜினியா அத்தை வீட்டு மேசையில் நாற்பது நாள் வாடாமல்...

"நாப்பதா? பத்து நாளுதான்!" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் குறுக்கே விழுந்தான் முகீபி.

"நீ பேசாத! ஒன்னோடது பத்து நிமிஷம் நிக்கல. என் நாக்குதான் பொண்ணு வாங்கிக் குடுத்துச்சு," என்றான் லுபோவா.

"ஒன் நாக்கா? பூ நின்னப்புறம்தானே ஒனக்கு வாயே வந்துச்சு!"

"அங்கியப் பிடிக்காதடா, இன்னொரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது! விடுறா!" என்று கத்தினான் லுபோவா.

யாரோ பெஞ்சைத் தள்ளிவிட்டார்கள், என் கதையும் அதோடு கவிழ்ந்தது.