பல்செட் டப்பாவில் பன்னிரண்டு சொற்கள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இப்போது உறவிலும் தெருவிலும் அச்சகத்திலும் அவள் ‘அகராதி’தான். பாதிப் பேர் அவள் தொழிலைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டார்கள், மீதிப் பேர் அவள் வாயைப் பார்த்து.

தடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைத் தயாரிப்பதுதான் அவள் தொழில். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் அட்டையில்தான் எழுதுவாள். ஒரு சொல், பக்கத்தில் ஓர் எண். வீடு முழுக்க அந்த அட்டைகள்தான் கிடக்கும். நாலு சொல்லை ஒன்றாகப் பார்த்துவிட்டால் அகரவரிசையில் அடுக்காமல் அவளுக்குக் கை அடங்காது. அடுக்களை டப்பா, மாத்திரைப் பட்டை, கணவரின் சட்டைகள் எல்லாம் வரிசைப்படிதான். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே பெரியப்பாவுக்கு முன்னால் சித்தப்பாவைப் போட வைத்தவள். ‘ச’வுக்கு அப்புறம்தானே ‘ப’? அந்தப் பெரியப்பா இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை.

கணவர் பல்செட் செய்பவர். முன்னறையில் உட்கார்ந்து பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் ராவிக்கொண்டிருப்பார். அந்த வெள்ளைத் தூசி நேராகப் போய் அவள் அட்டைகளில் உட்காரும். ஆறு தொகுதிப் பூச்சிக் களஞ்சியம் ஒன்றுக்குப் பதினான்கு மாதம் இந்தத் தூசியில்தான் வேலை பார்த்தாள். தும்மி முடிப்பதற்குள் வண்டு எது, வண்ணத்துப்பூச்சி எது என்று மறந்துவிடும். மாடியில் ஓர் அறை காலியாகியிருந்தது. ஜன்னல் உண்டு, கதவு உண்டு, முக்கியமாகக் கதவுக்குப் பூட்டு உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தால் அவளுக்கு, இல்லையென்றால் டியூஷன் எடுப்பவருக்கு என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

பூச்சிக் களஞ்சியத்தின் கூலி வந்தால் கொடுத்துவிடலாம். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வங்கி வழியாக அனுப்பினால் வந்து சேர இரண்டு மாதம் ஆகும், கிரிப்டோ என்னும் இணையப் பணமாக என்றால் உடனே, உங்கள் வாலட் முகவரியைத் தெரிவிக்கவும்.

அவளுக்குத் தெரிந்து வாலட் என்றால் கணவர் பேன்ட்டின் பின்பையில் பிதுங்கிக்கொண்டிருப்பது. நேரே நாத்தனாரிடம் போனாள்.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். சுழலும் ஸ்டூல், கண்ணில் மாட்டும் லென்ஸ், யாரையும் நம்பாத முகம்.

“அண்ணி, இதுல பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது. தொலைச்சீங்கன்னா போய் அழறதுக்கு ஒரு கவுன்ட்டர்கூடக் கிடையாது.”

“அழறதுக்குத்தான் உன் கடை இருக்கே.”

“இங்க அழுதா டிஸ்ப்ளேல தண்ணி இறங்கும். கவனிங்க. உங்க போன்ல வாலட் ஆப் போட்டாச்சு, இப்போ ஸ்கிரீன்ல பன்னிரண்டு வார்த்தை வரும். போன் உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் வேற போன்ல அந்தப் பன்னிரண்டையும் போட்டாப் பணம் திரும்பக் கிடைக்கும். யார் போட்டாலும் கிடைக்கும். புரியுதா? யார் போட்டாலும். அதனால போட்டோ எடுக்கக் கூடாது. மெசேஜ்ல அனுப்பக் கூடாது. எனக்குக்கூடத் தெரியக் கூடாது.”

சொல்லிவிட்டு ஸ்டூலைச் சுற்றி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அகராதி ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

“லேடர்... டைகர்... என்னடி இது, ஏணி மேல புலி ஏறுது?”

“அண்ணி! வாயால படிக்காதீங்க!”

“நீதானே இருக்கே?”

“நான்தான் முதல் திருடின்னு நினைச்சுக்கங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“நினைக்க ஒண்ணும் சிரமமில்ல,” என்றாள் அகராதி.

எழுதி முடித்ததும், மூன்றாவது சொல் எது, ஒன்பதாவது எது என்று ஆப் பரீட்சை வைத்தது. பில்லைப் பார்த்து டக் டக் என்று தொட்டாள். தேறிவிட்டாள்.

“வரிசை மாறாமப் பத்திரமா வைங்க,” என்றாள் நாத்தனார்.

“வரிசையைப் பத்தி எனக்கே பாடமா?”

அங்கேதான் பிடித்தது சனி. வீட்டுக்கு வந்து, கசங்கிய பில்லில் இருந்ததை நல்ல அட்டை ஒன்றில் நகலெடுத்தாள். கை தன் பழக்கத்துக்குப் போயிற்று. பனானா, கேபேஜ், கார்லிக், லேடர், லெமன், ஆரஞ்ச், பியானோ, ஸ்பூன், டைகர், அம்ப்ரெல்லா, விண்டோ, ஜீப்ரா. ஆங்கில எழுத்து வரிசையில், அச்சுக் கோத்த மாதிரி. எண் இல்லாத சொல்லை அட்டையில் எழுதி அவளுக்குப் பழக்கமே இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது பில்லில் எத்தனையாவதாக வந்தது என்று எண்ணும் போட்டாள். லேடருக்கு 1, டைகருக்கு 2, பனானாவுக்கு 7. பில்லைச் சுக்குநூறாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

அட்டையை வைக்க இடம் தேடினாள். கணவரின் அலமாரியில், எட்டு வருடமாக யாரும் வந்து வாங்காத பல்செட் ஒன்று டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் வைத்தாள்.

“இந்த அட்டையை யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது.”

“நான் ஏன் கொடுக்கப் போறேன்?” என்றார் கணவர், ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

நாத்தனார் சொன்னபடி பதிப்பகத்திடம் முதலில் கொஞ்சமாக அனுப்பச் சொன்னாள். அது வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை முழுக் கூலியும் வந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வாலட்டைப் பயன்படுத்துவோர் பொதுவில் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இருந்தது. அதில் போய் ஒரு புகார் எழுதினாள். உங்கள் உதவிப் பக்கத்தில் தலைப்புகள் அகரவரிசையில் இல்லை, ‘முகவரி’க்கு முன்னால் ‘வங்கி’ வருவது எந்த ஊர் நியாயம், விளக்கம் தேவை. கீழே போன் நம்பர். தன் போன் அடித்தால் வேலை கெடும் என்று எங்கே போனாலும் கணவரின் நம்பரைத்தான் கொடுப்பாள். இங்கேயும் அதையே கொடுத்தாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விளக்கம் கொடுக்க ஒருவன் கூப்பிட்டான். அகராதி அப்போது மாடியறையில் மேசை எங்கே போடலாம் என்று டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது கணவர் முகத்தில் ஒரு காரியம் முடித்த களை.

“வாலட் கம்பெனியிலேர்ந்து பேசினாங்க. உன் புகார் கிடைச்சுதாம். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சரிபார்க்கலைன்னா அக்கவுண்டை மூடிடுவாங்களாம். நீ கஷ்டப்பட வேணாம்னு நானே முடிச்சுட்டேன்.”

“என்னத்த முடிச்சீங்க?”

“அந்தப் பன்னிரண்டு வார்த்தை கேட்டான். சொன்னேன். நல்ல பையன், வார்த்தைக்கு வார்த்தை ‘ஐயா’ன்னான்.”

அவள் கையிலிருந்த டேப் சரசரவென்று சுருண்டு உள்ளே போயிற்று. “யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!”

“அட்டையைக் கொடுக்கலையே! படிச்சுத்தான் காட்டினேன்.”

பதினான்கு மாதப் பூச்சிகளும் ஒரே நேரத்தில் பறந்துபோயின. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் அந்த நம்பரைப் பொதுவில் எழுதிவைத்தது யார் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள். ஐந்து நிமிடத்தில் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“முதல்ல வாலட்டைத் திறங்க. பணம் இருக்கா?”

இருந்தது. அப்படியே இருந்தது. மூன்று பேரும் திரையை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இந்நேரம் துடைச்சிருக்கணுமே. அண்ணா, எப்படிப் படிச்சே?”

“அட்டையில இருக்கிற மாதிரிதான். மேலேர்ந்து கீழ. பனானா, கேபேஜ்...”

நாத்தனார் அட்டையை எட்டிப் பார்த்தாள். “இது என்ன, மளிகை லிஸ்ட்டா? கடைசியில ஒரு வரிக்குதிரை வேற.” பிறகுதான் அவளுக்கு விளங்கியது. “அண்ணி, இதையுமா அடுக்கினீங்க?”

“பக்கத்துல எண் போட்டிருக்கேனே!”

“அண்ணா, இந்த எண்ணெல்லாம் படிச்சியா?”

“அதை எதுக்குப் படிக்கணும்? இந்த வீட்ல எந்த அட்டையை எடுத்தாலும் ஒரு எண் இருக்கும். பக்க எண்ணுன்னு விட்டுட்டேன். அவனும் வார்த்தை மட்டும் போதும்னுதானே சொன்னான்.”

நாத்தனார் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். “ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. பன்னிரண்டு வார்த்தையும் அவன் கையில இருக்கு. வரிசைதான் தெரியாது. கம்ப்யூட்டரை விட்டு மாத்தி மாத்தித் தட்டினா எப்பவாவது திறந்துடும். அதுக்குள்ள புது வாலட், புதுப் பன்னிரண்டு, பணம் அங்க போயிடணும்.”

அப்போது கணவரின் போன் அடித்தது. அதே நம்பர்.

“ஐயா, நீங்க சொன்ன வார்த்தை சரியா வரலை. மறுபடி ஒரு தடவை நிதானமாச் சொல்றீங்களா?”

நாத்தனார் போனைக் கையால் பொத்தினாள். “அண்ணா, உனக்கு ஒரே ஒரு வேலை. இவன் கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது. பேசு. எண்ணை மட்டும் வாயில எடுக்காதே.”

இருபத்தைந்து வருடமாக யாரும் அவரிடம் இப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. பேச்சைக் குறையுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சொல்றேன் தம்பி. முதல்ல பனானா. என்ன தம்பி, பேச்சு ஒரு பக்கமாக் குழறுது? பல்லுல ஏதாவது?”

“இல்லைங்கய்யா, கொஞ்சம் வலி. ரெண்டாவது வார்த்தை?”

“வலியை வச்சுக்கிட்டா வேலை பாக்குறே? மேல் வரிசையா, கீழ் வரிசையா? சூடா குடிச்சா வலிக்குதா, ஜில்லுனு குடிச்சாலா?”

அடுக்களையில் நாத்தனார் ஃபிரிட்ஜைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அகராதி புது அட்டையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களை முதலில் எழுதிக்கொண்டு, எதிரில் சொற்களை நிரப்பினாள். முதல் சொல்லைவிட இரண்டாவது சொல் எழுத்து வரிசையில் முன்னால் இருந்தது. விரல் நுனி துடித்தது.

“அண்ணி, அடுக்காதீங்க.”

“அடுக்கல.”

“நீங்க பல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குது.”

எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தாள். பணத்தை அனுப்பப் போனபோது நாத்தனார் கையைப் பிடித்தாள். “முதல்ல கொஞ்சம் அனுப்புங்க.”

“திருடன் வாசல்ல நிக்கிறான், இப்பவும் சில்லறையா?”

“இப்பத்தான் சில்லறை. அவசரத்துல முகவரி ஒரு எழுத்து மாறினா அந்தத் திருடனுக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது.”

முகவரியின் முதல் நாலு எழுத்தையும் கடைசி நாலையும் பார்த்தால் போதும் என்று சோம்பேறிகள் சொல்வார்கள். அகராதி ஸ்கேலை வைத்து நாற்பத்திரண்டு எழுத்தையும் பார்த்தாள். கொஞ்சம் அனுப்பினாள். முன்னறையில் “வாயை நல்லாத் திற தம்பி... அட, போன்ல தெரியாதுல்ல” என்று கேட்டது. சில்லறை போய்ச் சேர்ந்தது. பிறகு மொத்தத்தையும் அனுப்பினாள். அதுவும் போய்ச் சேர்ந்தது. அனுப்பும் கட்டணத்துக்கு ஒதுக்கியதில், பழைய வாலட்டில் ஒரு டீக்கு ஆகிற காசு மட்டும் மிச்சம் நின்றது.

“அண்ணா, போதும், போனை வை!”

“ஒரு நிமிஷம், கிராம்பு எங்க வைக்கணும்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

அதில் ஒரு பகுதியை நாத்தனார் ரூபாயாக மாற்றிக் கொடுக்க, வெள்ளிக்கிழமை காலை முன்பணம் கைமாறியது. சனிக்கிழமை சாயங்காலம் மாடியறை ஜன்னலோரம் அகராதி தும்மாமல் உட்கார்ந்து, அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போனை நீட்டியபடி படியேறி வந்தாள்.

“பழைய வாலட்டைப் பாருங்க. அந்த டீக்காசு இன்னிக்குக் காலையில போயிடுச்சு. பன்னிரண்டு வார்த்தையை நாப்பத்தெட்டுக் கோடி விதமா மாத்தி வைக்கலாம், அண்ணி. மூணு நாள் முட்டி மோதித் திறந்திருக்கான்.”

அகராதி ஒரு நிமிடம் கையை நிறுத்தினாள். மூன்று நாள். புதன்கிழமையே மாற்றாமல், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்திருந்தால்.

“நாப்பத்தெட்டுக் கோடி அட்டை,” என்றாள் மெதுவாக. “எனக்கு வேலைக்கு ஆள் வேணும்னா அவனையே கேக்கலாம் போல.”

பின்னாலேயே ஏறி வந்த கணவர் நிலைப்படியில் நின்று உச்சுக் கொட்டினார். “மூணு நாளா! பாவம், அந்தக் கடைவாய்ப் பல்லை வச்சுக்கிட்டு.” பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரியமாகக் கேட்டார்: “ஆமா, புது அட்டையை எங்க வச்சிருக்கே?”

அண்ணியும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“சரி சரி,” என்று அவர் பல்செட் பார்க்கக் கீழே இறங்கிப் போனார். அகராதி எழுந்து போய்க் கதவைச் சாத்தி, பூட்டு நன்றாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.