கொரில்லாவுக்கு முன்னால் குந்தியவர்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனடாவில், அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு ஹோலில் தொடங்கிய கதை இது. எங்களுடைய முப்பதாவது கலியாண நாளுக்கு, உகண்டா போய்க் காட்டுக் கொரில்லா பார்க்கும் பயணத்தை மகள் பரிசாகத் தந்திருந்தாள். கூடவே பாதுகாப்பு விதிகளையும் வாசித்துக் காட்டினாள். சத்தம் போடக்கூடாது, அதன் கண்ணைப் பார்க்கக்கூடாது, பாய்ந்து வந்தாலும் ஓடாமல் குந்தி நிலத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு அவளே கொரில்லாவாகி நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். நான் சோபாவுக்குப் பின்னால் ஓடிவிட்டேன். என் கணவரோ முதல் தடவையே அச்சொட்டாகக் குந்தினார்.

"அம்மா, சீரியஸ்லி, அப்பாவைப் பார்த்துப் பழகுங்கோ," என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நான் ஏசத் தொடங்கினால் கணவர் பதில் பேசமாட்டார். குனிந்த தலை நிமிராமல், மேசையில் கிடக்கும் முருங்கையிலையை உருவிக்கொண்டிருப்பார். மனுசன் என்னை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை என்று அதற்கும் சேர்த்து ஏசுவேன்.

உகண்டா மலைக்காட்டில் மூன்று மணி நேரம் ஏறி, ஒரு கொரில்லாக் குடும்பத்தைக் கண்டோம். கணவர் கமெராவைத் தட்டினார். உயிர் வரவில்லை. பற்றரி அஜக்ஸில், எங்கள் குசினிச் சுவரில் சார்ஜாகிக்கொண்டிருந்தது.

"இதைத்தானே வெளிக்கிடேக்க ரெண்டு தரம் கேட்டனான்? இவ்வளவு தூரம் வெறுங் கமெராவையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று தொடங்கினேன். நிற்பது காடு என்பதே மறந்துவிட்டது.

முதுகு நரைத்த பெரிய ஆண் கொரில்லா ஒன்று பற்றைகளை முறித்துக்கொண்டு நேரே என்னிடம் பாய்ந்தது. கீழே இருக்கும்படி வழிகாட்டி கைகாட்டினார். நானோ இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் அதை முறைத்துக்கொண்டு நின்றேன். வீரமில்லை, கால் அசையவில்லை. கணவர்தான் என்னைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"குந்தும். நிலத்தைப் பாரும். ஒண்டும் கதையாதேயும்," என்றார் மெதுவாக. பிறகு பக்கத்துச் செடியில் ஒரு கொப்பைப் பிடித்து, அவசரமில்லாமல் ஆறுதலாக இலை உருவத் தொடங்கினார்.

நாலடி தூரத்தில் கொரில்லா நின்றது. அதன் மூச்சு எனக்குக் கேட்டது. இன்றோடு சரி என்றுதான் நினைத்தேன். அவர் இலை உருவுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அது உறுமிக்கொண்டு திரும்பிப் போனது.

இறங்கும்போது, இந்த நிதானத்தை எங்கே பழகினீர்கள் என்று வழிகாட்டி அவரிடம் கேட்டார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து அழுகையும் வந்தது.

இப்போதும் எனக்குக் கோபம் வரும். அவர் முருங்கையிலைக்குக் கை நீட்டினால், மறுபக்கத்தில் இருந்து நானும் ஒரு கொப்பை எடுத்துக்கொள்கிறேன். இந்த மனுசன் சண்டைக்கு வரவில்லை என்பது அந்தக் கொரில்லாவுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது. எனக்கு விளங்க முப்பது வருடம் எடுத்தது.