இரண்டு சின்னையா, ஒரே முருகன்

தைல வியாபாரத்தில் தைலம் காய்ச்சுவது சுலபம். அது நம்முடையதுதான் என்று ஊரை நம்பவைப்பதற்குள் ஆயுள் தீர்ந்துவிடும். ஒரே பேரில் எதிர்க்கடை முளைத்து வயிறெரிந்த வியாபாரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பதுளைக் கடைவீதியில் ‘சின்னையா அன் கோ’ என்று பலகை மாட்டிப் பதினெட்டு வருஷம் மூட்டுவலித் தைலம் விற்றவன் நான். லேபிளில் மயில்மேல் முருகன், சுற்றிலும் சிவப்புக் கரை. கொழும்பில் முறையாகப் பதிந்த மார்க்.

அப்பன் வைத்த பேர்

ஒரு நாள் காலை எதிர்ப்பக்கம் ‘சின்னையா பிரதர்ஸ்’ என்று பலகை ஏறியது. அங்கேயும் மூட்டுவலித் தைலம், சிவப்புக் கரை, மயில், முருகன். வள்ளியும் தெய்வானையும் மட்டும் கூடுதல். கொதித்துப்போய் ஓடினேன். அந்த மனிதர் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்கப்பா வச்ச பேருங்கண்ணே. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க மாத்திக்குங்க.”

கொப்புளம்

எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தன் ஆட்களுக்கெல்லாம் மொத்தமாக என் தைலம்தான் வாங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கடை நடுவில் இறக்கினார். தேய்த்தவர்களுக்கெல்லாம் முழங்கால் கொப்புளித்துவிட்டதாம். திறந்து பார்த்தால் அத்தனையும் எதிர்க்கடைச் சரக்கு! வள்ளியைக் காட்டினேன், தெய்வானையைக் காட்டினேன், தொண்டை வறளப் பேசினேன். கங்காணி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “முருகன் இருக்காருல்ல? அப்ப நீங்கதான் மொதலாளி பதில் சொல்லணும்.”

நீலக் கரை

வித்தியாசம் தெரிகிற மாதிரி லேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார் என் வக்கீல். நீலக் கரை போட்டுப் புதிதாக அச்சடித்தேன். ஒரு மாதம் ஈ ஓட்டினேன். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் பாய், என் பழைய வாடிக்கைக்காரர், போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துக்கம் விசாரிக்கிறவர்போல் என் தோளைத் தொட்டார். “நீங்களுமா கள்ளச் சரக்கு விக்கத் தொடங்கிட்டீங்க, சின்னையா?”

சாட்சி

சிவப்புக்கே திரும்பி வழக்குப் போட்டேன். தோற்றால் பேரும் போச்சு, கடையும் போச்சு. என் முழு நம்பிக்கையும் கருப்பாயிமேல்தான். கொழுந்து பறிக்கிறவள். என் தைலத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று என்னிடமே சொன்னவள். போத்தல் காலியானதும் லேபிளை ஊறவைத்து உரித்து, தோட்டத்து லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பிராச் சுவரில் ஒட்டி விளக்கு வைக்கிறவள். அசல் முருகனை இவளைவிட யாருக்குத் தெரியும்?

கூண்டில் ஏறியவளிடம் இரண்டு போத்தலையும் கொடுத்தார்கள். இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இதில் எது போலி?” என்று என் வக்கீல் கேட்டார். கருப்பாயி அவரைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, பரிதாபமும் இருந்தது. “சாமியில போலி ஏதுங்கய்யா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டித்தான் கும்புடுறேன்.”

சாமி படமும் பொது, சின்னையா என்ற பேரும் பொது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த மாதமே என் பலகையை இறக்கிவிட்டேன். பதினெட்டு வருஷமாகத் தைலம் விற்றது முருகன்தான், நான் வெறுமனே போத்தலில் அடைத்துக் கொடுத்தவன் என்பதைத் தெரிந்துகொள்ள, நான் வக்கீல் வைத்து வழக்காட வேண்டியிருந்தது.