வளைவில் எதிரே வந்த வெள்ளைக் கார்

கலிஃபோர்னியாவின் சான் ரமோனிலிருந்து ஆஸ்திரேலியா வந்திருக்கிறோம். இன்று சிட்னியில் நாத்தனார் வீட்டிலிருந்து கிளம்பி, கடலோரச் சாலையில் என் தோழி கவிதாவைப் பார்க்கப் போனோம்.

வழியில் கடல் பார்க்க நிறுத்திவிட்டு மறுபடி சாலையில் ஏறியபோது, கணவர் அமெரிக்கப் பழக்கத்தில் வலது பக்கம் போய்விட்டார். சாலை காலியாக இருந்ததால் இருவருக்குமே உறைக்கவில்லை.

வளைவில் திரும்பியதும் எதிரே ஒரு வெள்ளைக் கார், நேராக எங்களை நோக்கி.

"என்னங்க, லெஃப்ட்ல போங்க, லெஃப்ட்!"

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். எங்கள் கார் இடதுபக்கப் புல்லில் ஏறி நின்றது. உரசாத குறையாகக் கடந்துபோன வெள்ளைக் கார், திரும்பி வந்தது.

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் இறங்கி வந்த பெண்மணி, "அடி எதுவும் படலையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, "அடுத்த ஊர் வரைக்கும் நான் முன்னால போறேன், என் பின்னாலயே வாங்க" என்றார்.

ஊர் வரும்வரை அந்தக் காரின் பின்னாலேயே போனோம்.

இதைக் கவிதா வீட்டிலிருந்து எழுதுகிறேன். "திரும்பிப் போக டிரெயின் இருக்கான்னு பாரேன்" என்கிறார், கலிஃபோர்னியாவில் என்னை ஒருநாளும் ஓட்ட விடாத மனிதர்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.