முதல் சட்டி

புயலில் எங்கள் ஷீட் கூரை பறந்தபோது எதிரிலிருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினோம். கான்கிரீட் வீடு, இனிக் கவலையில்லை என்று மகளைப் பாயில் படுக்க வைத்தேன். கூரைக்குள் துருப்பிடித்து ஊதியிருந்த கம்பி, ஒரு பாளம் காரையை அவள்மேல் தள்ளிவிட்டது. தோள் எலும்பு முறிந்தது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடு அது. அதன்பிறகு அவள் எங்கே போனாலும் வாசற்படி ஓரமாகத்தான் படுப்பாள்.

கடலோரப் பிள்ளைச்சாவடியில் நாங்கள் வீடு கட்டியபோது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, கலவைக்கு லாரித் தண்ணீர்தான் என்று மேஸ்திரியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

மேல்தளம் போடும் நாள் வந்தது. கலவை மிஷினுக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டினோம். முதல் சட்டிக் கலவையை வீட்டுப் பெண் கொட்டுவது வழக்கம். ஏணியில் ஏறி ஈசானி மூலையில் கொட்டினேன். இறங்கினால் தெருவில் லாரியைக் காணோம். மிஷின் பக்கத்து வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"நல்ல நேரம் முடியப் போவுது, லாரி வரல. அதான் நம்ம போர் தண்ணில ஆரம்பிக்கச் சொன்னேன்" என்றார் கணவர். "மிச்சத்தக் கீழ கொட்டிடலாம். மேல போட்டது ஒரு சட்டிதான, இருந்துட்டுப் போவட்டும்."

"அதையும் அள்ளச் சொல்லுங்க."

"சாமி கும்பிட்டுப் போட்டத அள்றதா? குடும்பத்துக்கு ஆவாதுடி!"

மேஸ்திரியோ ஆட்களோ மேலே ஏறவில்லை. நேரம் போனால் கொட்டிய கலவை இறுகிவிடும். மகள் ஒரு கையால் தோளைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குடும்பத்துக்கு ஆகாதது எதுவென்று இவருக்கு இன்னுமா தெரியவில்லை?

மறுபடி ஏறினேன். கொட்டிய கையாலேயே அள்ளினேன். கம்பி இடுக்கில் விரல் கிழிந்து சிமெண்ட் எரிந்தது. பயமாகவும் இருந்தது, நானும் சாமி கும்பிடுகிறவள்தான். கொஞ்ச நேரத்தில் கணவர் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அள்ளினார். லாரி வந்தபின் அந்த மூலைக் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவினோம். ராகுகாலத்தில்தான் எங்கள் தளத்தைப் போட்டோம்.

அடுத்த ஐப்பசியில் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு காற்று ஊளையிட்டது. நானும் கணவரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் வாசற்படி ஓரத்திலிருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். ஈசானி மூலையில் விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.