இப்ராகிம் பாயின் இடது தொடை

மத்தவங்க காலைப் புடிச்சிக்கினு பொழைக்கிறது எல்லா வேலையிலயும் உண்டு. நம்ம வேலையில, புடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் காலுக்கு ஷேவிங் வேற பண்ணணும். அடையாறுல ஒரு பிசியோதெரபி சென்டர்ல நான் ஹெல்ப்பர். கால்ல ஸ்டிக்கர் ஒட்டி ஒயரை மாட்டுனா, எந்தத் தசை எவ்ளோ வேலை செய்யுதுன்னு கம்ப்யூட்டர்ல அலை அலையா ஓடும். வர்றவங்ககிட்ட திட்டு வாங்கிக் கட்டிக்கிற கூட்டம்தானே நீங்களும்? பக்கத்துல உக்காருங்க.

நாற்காலி

இப்ராகிம் பாய் தி.நகர்ல தையக்கடை கட்டிங் மாஸ்டர். இடது முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பள்ளிவாசல்ல கடைசி வரிசையில, நாற்காலியிலதான் தொழுகை. பெருநாள் தொழுகையையாவது தரையில தொழணும்னு வந்து நின்னாரு. எங்க பிசியோ ஸ்டெல்லா மேடம் கறாரா சொல்லிட்டாங்க: எழுந்திரிக்கும்போது இடது தொடையும் வேலை செஞ்சா தரை, வலது காலே மொத்தமா இழுத்தா நாற்காலி.

"உக்காந்து தொழுதா அல்லா ஒத்துக்க மாட்டாரா பாய்?"னு ரேசர் போட்டுக்கினே கேட்டேன்.

"அவருக்கு நாற்காலி ஓகேதான் நைனா. எனக்குத்தான் ஓகே இல்ல."

ஒட்டுனது போச்சு

ஒயரோட தொழுது காட்டணும்னு மேடம் சொல்ல, ஸ்டிக்கரை எல்லாம் அழகா ஒட்டி முடிச்சேன். "தோ வர்றேன்"னு போனவரு, தொழறதுக்கு முன்னாடி கழுவணுமேன்னு கைலியைத் தூக்கிக்கினு கால் ரெண்டையும் தாராளமா கழுவிட்டு வந்தாரு. கெண்டைக்கால் ஸ்டிக்கர் செருப்புல மெதந்துக்கினு வருது. "சும்மா தொழற மாதிரி நடிச்சுக் காட்டுனா போதும் பாய், கழுவல்லாம் எதுக்கு?"ன்னேன்.

"நடிக்கறதா? மேல ஒருத்தர் பாத்துக்கினு கீறாருப்பா."

பதிலே இல்ல

மேற்கால திரும்பி நின்னாரு. ஒயர் எட்டல, மெஷினையே தள்ளிக்கினு போனேன். அவரு நிக்கும்போது கோடெல்லாம் பாலவாக்கத்துல விடிகாலைக் கடல் மாதிரி சும்மா நெளியுது. குனிஞ்சு முட்டியில கை வெச்சதும் தொடை பின்பக்கக் கோடு லேசாப் பொங்குச்சு. நெத்தி தரையில பட்டதும் எல்லாம் அடங்கிப்போச்சு. ஜன்னல் வெயில் அவரு முதுகு மேல, நான் அந்தக் கோட்டு மேல, எங்கியோ மெதந்துக்கினு கீறேன்.

திடீர்னு பயம். ஏன் எழுந்திரிக்கல? "பாய், வலிக்குதா? பாய்! பாய்!" மேடத்தையும் கூப்புட்டேன். மேடம் ஓடி வர்றதுக்குள்ள எழுந்துட்டாரு. வலது கோடு எகிறுது, இடது படுத்தே கெடக்குது. பாய் பொறுமையா முடிச்சிட்டு என் பக்கம் திரும்புனாரு.

"தொழும்போது பதில் பேசக் கூடாதுடா! நீ கத்துன கத்துல எத்தினி தடவை குனிஞ்சேன்ற கணக்கே மறந்துபோச்சு, மறுபடி முதல்லருந்து தொழணும்."

உள்ளங்கால்

மேடம் எக்சர்சைஸ் குடுத்தாங்க. பெருநாள் துணி குவிஞ்சு கெடந்த கடையில, வெட்டுற மேஜையைப் புடிச்சிக்கினே உக்காந்து எழுந்து பழகுனாராம். பெருநாளுக்கு முன்னாடி மறுபடி வந்தாரு. கழுவுனப்புறம்தான் ஒட்டுனேன், வாயை மூடிக்கினேன். நெத்தி தரையைத் தொட்டுச்சு, கோடெல்லாம் தூங்குச்சு. எழுந்திரிக்கும்போது இடது கோடு கொஞ்சம் தயங்குச்சு. அப்புறம் மெதுவா, பாதித் தூக்கத்துல எழுந்து வர்ற ஆள் மாதிரி, ஏறிச்சு. ஏறிக்கினே இருந்துச்சு.

"தரையிலயே தொழுங்க பாய், அவசரப்படாம எழுந்திரிங்க"ன்னாங்க மேடம். பாய் இடது தொடையைத் தடவிக் குடுத்தாரு.

"எல்லாரும் குனிஞ்சப்புறம் நான் ஒருத்தன்தான் நாற்காலியில உக்காந்து அத்தினி பேரு உள்ளங்காலையும் பாத்துக்கினு இருப்பேன் மேடம். இனிமே எவனாச்சும் என்னுதைப் பாக்கட்டும்."

காலேஜ்ல ஒரு இடத்துல உக்கார முடியலன்னு ஓடி வந்தவன் நான். இப்ப அசையாம உக்காந்து, அடுத்தவங்க எப்படி எழுந்திரிக்கறாங்கன்னு பாக்கறதுதான் எனக்கு உத்தியோகம்.